ஈமோகுளோபின் ஏறியது, நோ குறைந்ததா? அரிவாள் கல நோய்க்கான புதிய மருந்தொன்று பற்றிய நிகழ்வு ஆய்வு

அரிவாள் கல நோய் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் அடிக்கடி எதிர்ப்படும் நோயல்ல. இலங்கையில் பரம்பரைக் குருதிச்சோகை என்றதும் தலசீமியாவே முதலில் நினைவுக்கு வருகிறது. அரிவாள் ஈமோகுளோபின் உள்ளவர்கள் சிலரே; அவர்களிலும் பெரும்பாலானோர் பெற்றோரில் ஒருவரிடமிருந்து அரிவாள் பரம்பரையலகையும் மற்றவரிடமிருந்து பீற்றாத் தலசீமியாப் பரம்பரையலகையும் பெற்றவர்கள். நோய் அரிதாக இருப்பதாலேயே இவர்களுக்கு இரண்டு இடர்கள் நேர்கின்றன. நோய் பிந்தி அறியப்படுகிறது. அறியப்பட்ட பின்னரோ, வேறு நாடுகளில் வேறு மக்களிடையே நடந்த மருந்தாய்வுகளின் முடிவுகளை இவர்களுக்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்ற கேள்வி எழுகிறது. இக்கட்டுரை பெரிதும் இரண்டாவது இடரைப் பற்றியது.

நோயாளியின் வரலாறு

வடமராட்சியைச் சேர்ந்த 19 வயது மாணவி ஒருவர் 2023ஆம் ஆண்டு மாரி காலத்தில் இரண்டு தொடைகளிலும் நாரியிலும் கடும் நோவுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவரையோ குடும்பத்தினரையோ அடையாளம் காண முடியாதவாறு சில விவரங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன. சிறு வயது முதல் அவரைச் சோகை பிடித்த பிள்ளை என்றே வீட்டில் அறிந்திருந்தார்கள். இரும்புச்சத்துக் குளிசைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். ஆனால் இரும்புக் குறைபாடு இருந்ததற்கான பரிசோதனை முடிவு எதுவும் பழைய கிளினிக் கொப்பிகளில் இல்லை. தாயார் சொன்னது இது: "மாரி வந்தாப் பிள்ளைக்குக் காலுளைவும் நாரிப்பிடிப்பும் வந்திடும், டொக்டர். வாதமெண்டுதான் நினைச்சனாங்கள். எண்ணெய் பூசி ஒத்தணம் குடுக்கிறது." மேலும் விசாரித்தபோது, கிணற்றுத் தண்ணீரில் தோய்ந்த நாட்களின் இரவுகளிலேயே நோ மோசமாக வந்தது என்பதை மகளே நினைவுபடுத்திச் சொன்னார். குளிர், நீரிழப்பு, காய்ச்சல், கடும் களைப்பு ஆகியவை அரிவாள் கல நோவைத் தூண்டுவன என்பது நெடுநாளாக அறியப்பட்டது. ஆகவே இந்த ஒரு விவரம், தாயும் மகளும் அறியாமலே, நோயின் பெயரை அரைவாசி சொல்லிவிட்டது.

கண்கள் சற்று மஞ்சளாக இருந்தன. மண்ணீரல் விலாவுக்குக் கீழே நான்கு சென்ரிமீற்றர் அளவுக்குத் தட்டுப்பட்டது. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 7.6 கிராம், செங்குழியங்கள் சிறியவை. ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்த்தபோது அரிவாள் ஈமோகுளோபின் 67 வீதமும், கருவிலிருக்கும் பருவத்துக்குரிய முதிர்கரு ஈமோகுளோபின் 20 வீதமும், வழமையான ஈமோகுளோபின் 8 வீதமும் இருந்தன. தந்தை அரிவாள் பரம்பரையலகின் காவியாகவும் தாய் பீற்றாத் தலசீமியாவின் காவியாகவும் இருந்தனர். இருவருக்கும் தம் வாழ்நாளில் ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை.

நோயின் அடிப்படை சிறியதொரு மாற்றம்தான். பீற்றாக் குளோபின் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூற்றமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வலின் வந்து அமர்கிறது. ஒட்சிசனை இழந்த நிலையில் இந்த ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. செங்குழியம் விறைத்து வளைந்து, நுண்ணிய குருதிக்குழாய்களில் சிக்கி, அதற்கு அப்பாலுள்ள என்பும் தசையும் ஒட்சிசனின்றி வாடுகின்றன. அந்த வாட்டமே நோ. முதிர்கரு ஈமோகுளோபின் இந்த இழைகளோடு சேராதது. அது எவ்வளவு கூடுதலாக உள்ளதோ அந்த அளவுக்கு நோய் தணியும். இந்தியத் துணைக்கண்டத்திலும் அராபியாவிலும் காணப்படும் அரிவாள் வகையில் இது இயல்பாகவே சற்று உயர்ந்திருப்பதால், ஆபிரிக்க வகைகளைவிட மென்மையான நோய் என்று எழுதுவார்கள். தமிழ் நிலத்தில் நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952ஆம் ஆண்டிலேயே அரிவாள் ஈமோகுளோபின் கண்டறியப்பட்டது. ஆனால் ஓர் ஆண்டில் ஐந்து தடவை வாட்டில் கிடந்த ஒருவரிடம் உமது நோய் மென்மையானது என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. நோயாளர் கூட்டத்தின் சராசரி தனியொரு நோயாளியின் அளவுகோல் ஆகாது.

பழைய மருந்து

அவருக்கு முதிர்கரு ஈமோகுளோபினைக் கூட்டும் ஐதரொக்சியூரியா தொடங்கப்பட்டது. அவரது நிறை 42 கிலோகிராம். கிடைப்பது 500 மில்லிகிராம் கப்சூல் மட்டுமே. ஆகவே நாளுக்கு ஒன்று, அதாவது கிலோகிராமுக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம். இது மேலைநாட்டு வழிகாட்டிகள் தொடக்கத்துக்குக் கூறும் அளவைவிடச் சற்றுக் குறைவு. ஆயினும் நாக்பூரில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 60 சிறுவர்களிடம் கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம் என்ற நிலையான அளவை வெற்று மருந்தோடு (மருந்துச் சத்தில்லாத ஒப்பீட்டு மருந்து) ஒப்பிட்டு 2012இல் வெளியான எழுமாற்று ஆய்வு (யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வு), அந்தக் குறைந்த அளவிலேயே நோவுத் தாக்குதல்களும் குருதியேற்றமும் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியிருந்தது. எமது நோயாளியின் பரம்பரையலகு வகைக்கு மிக நெருங்கிய மக்களிடையே நடந்த ஆய்வு அதுவே.

முதல் மாதத்திலேயே ஒரு தடங்கல் நேர்ந்தது. பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்த தாயார், அது புற்றுநோய்க்கான மருந்து என்று கண்டு, மகளுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. கப்சூல்களைச் சுவாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் அவர் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, மருந்து உண்மையில் சில குருதிப் புற்றுநோய்களுக்கும் தரப்படுவதே என்பதை மறைக்காமல், இங்கே அது எதற்காக, எந்த அளவில் தரப்படுகிறது, வெண்குழியங்களையும் குருதிச் சிறுதட்டுகளையும் ஏன் மாதந்தோறும் எண்ணிப் பார்க்கிறோம் என்பதையெல்லாம் விளக்க வேண்டியிருந்தது. அந்த உரையாடலுக்குச் செலவான நேரம், எழுதிக் கொடுத்த எந்த மருந்தையும்விட அவருக்குப் பயன்பட்டது என்பது என் கணிப்பு.

லண்டனிலிருந்து வந்த கேள்வி

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தாயார் புதியதொரு கேள்வியோடு வந்தார். லண்டனில் இருக்கும் அவரது தம்பி, அங்கே அரிவாள் கல நோய்க்குப் புதிய குளிசை ஒன்றைப் பொதுச் சுகாதார சேவையில் தரப்போகிறார்கள் என்று செய்தியில் பார்த்திருக்கிறார். "தம்பி எப்பிடியாவது எடுத்து, வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுறன் எண்டு சொல்லுறான், டொக்டர். பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" அந்த மருந்து வொக்செலோற்றர், ஒக்ஸ்பிரைற்றா என்ற பெயரில் விற்கப்பட்டது. உறவினர் வெளிநாட்டிலிருந்து மருந்து அனுப்புவது எமது குடும்பங்களில் அன்பின் இயல்பான வடிவம். அந்த அன்பை மதிக்காமல் வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. ஆகவே மருந்தாய்வின் முடிவுகளையே குடும்பத்தோடு சேர்ந்து வாசித்தோம்.

வொக்செலோற்றர் ஈமோகுளோபினோடு நேரடியாகப் பிணைந்து, அது ஒட்சிசனை இறுகப் பிடித்திருக்கச் செய்கிறது. ஒட்சிசனோடு இருக்கும் ஈமோகுளோபின் இழையாகாது, செங்குழியம் வளையாது, முன்கூட்டியே சிதைவதும் குறையும். எண்ணம் அழகானது. அதைச் சோதித்த ஹோப் என்ற ஆய்வு 2019இல் வெளியானது. 12 முதல் 65 வயது வரையான 274 பேர் அதில் பங்கேற்றனர். நாளுக்கு 1500 மில்லிகிராம், 900 மில்லிகிராம், வெற்று மருந்து என மூன்று பிரிவுகளாக எழுமாற்றாகப் பிரிக்கப்பட்டனர். முதன்மை அளவீடு, 24ஆவது வாரத்தில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு ஒரு கிராமுக்கு மேல் உயர்ந்ததா என்பது. 1500 மில்லிகிராம் பெற்றவர்களில் 51 வீதத்தினருக்கு உயர்ந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 7 வீதத்தினருக்கே உயர்ந்தது. அந்த அளவில் ஐயத்துக்கு இடமில்லாத வெற்றி.

ஆனால் தாயாரின் கேள்வி அதுவல்ல. பிள்ளைக்கு நோ குறையுமா என்பதே அவர் கேட்டது. அதற்கான எண்கள் அதே ஆய்வில், சற்றுக் கீழே இருந்தன. ஆண்டொன்றுக்கு நோவுத் தாக்குதல்கள் 1500 மில்லிகிராம் பிரிவில் 2.77, 900 மில்லிகிராம் பிரிவில் 2.76, வெற்று மருந்துப் பிரிவில் 3.19. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. ஈமோகுளோபின் ஏறியது. ஆனால் நோ குறைந்தது என்று நிறுவப்படவில்லை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 நவம்பரில் இம்மருந்துக்கு அளித்தது விரைவு அனுமதி. நோயாளி உணரும் நன்மை நிறுவப்படாதிருந்தாலும், அந்நன்மைக்குக் கட்டியம் கூறக்கூடிய ஓர் ஆய்வுகூட அளவீடு மேம்பட்டிருந்தால், உண்மையான நன்மையைப் பின்னர் நிறுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்தைச் சந்தைக்கு விடும் ஏற்பாடு அது. மருந்தே இல்லாத நோய்களுக்கு இது நியாயமான வழிதான். அதைக் குறை கூற நான் முனையவில்லை. ஆனால் செய்தி கடல் கடந்து வரும்போது அந்த நிபந்தனை வழியிலேயே விழுந்துவிடுகிறது. லண்டனில் அனுமதித்த மருந்து என்பது மட்டுமே வடமராட்சிக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு ஐயத்தையும் குடும்பத்துக்குச் சொன்னோம். ஒட்சிசனை இறுகப் பிடிக்கும் ஈமோகுளோபின், கொடுக்க வேண்டிய இடத்தில் அதைக் கொடுக்குமா? லொறிகள் கூடிவிட்டன என்பதாலேயே கடையில் சரக்கு இறங்கிவிட்டது என்று ஆகாது. குருதியில் செங்குழியம் கூடும்போது குருதி தடிக்கும். அரிவாள் கல நோயில் தடித்த குருதி நன்மை செய்வதில்லை. இவை கோட்பாட்டளவிலான கேள்விகளே. எனினும் நோவைப் பற்றிய எண்கள் துணை நிற்காத இடத்தில் கோட்பாட்டுக் கேள்விகளுக்கு எடை கூடுகிறது. இவற்றோடு, இங்கே பதிவு செய்யப்படாத மருந்தை எவரது கண்காணிப்பும் இன்றி ஒருவர் பையில் வந்து சேரும் அளவுக்கு உட்கொள்வதும், தீர்ந்தவுடன் திடீரென நிறுத்துவதும் தனி ஆபத்துகள். வேண்டாம் என்று முடிவாயிற்று. மாமாவுக்கு மகளே தொலைபேசியில் விளக்கினார்.

2024 செப்ரெம்பர்

அவ்வாண்டு செப்ரெம்பர் 25ஆம் திகதி ஃபைசர் நிறுவனம் வொக்செலோற்றரை உலகெங்கும் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. மறுநாள் ஐரோப்பிய மருந்துகள் முகமையின் நிபுணர் குழு அதன் அனுமதியை இடைநிறுத்தப் பரிந்துரைத்தது. காரணம், அனுமதிக்குப் பிந்திய ஆய்வுகளில் வெளிவந்த மரணங்கள். பாரிசவாத ஆபத்து உயர்ந்திருந்த 236 சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 8 பேரும் வெற்று மருந்து பெற்றவர்களில் 2 பேரும் இறந்திருந்தனர். காலில் புண்ணுள்ள 88 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், எல்லோரும் மருந்தைப் பெற்ற கட்டத்தில் 8 பேர் இறந்திருந்தனர். விரைவு அனுமதியின்போது கேட்கப்பட்ட நிபந்தனை ஆய்வு இவற்றுள் முதலாவதே. நிபந்தனை தன் வேலையைச் செய்தது. அதற்கு விலையாகப் போனவை அந்த உயிர்கள் என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

இறந்தவர்களில் பலர் மலேரியா பரவலாக உள்ள நாடுகளில் ஆய்வில் சேர்ந்தவர்கள். இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே இந்த ஆபத்து எமக்கில்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. மரணங்களுக்கு அப்பால், சாதாரண சிகிச்சையில் மருந்தைப் பெற்ற நோயாளரின் பதிவேடுகளிலும் மருந்து தொடங்கிய பின்னர் நோவுத் தாக்குதல்கள் முன்னையதைவிடக் கூடியிருந்ததையும் ஐரோப்பிய முகமை கவனத்தில் எடுத்திருந்தது. தாயார் கேட்ட கேள்விக்கு, மருந்து அனுமதிக்கப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த விடை அது. அதே வேளை, அம்மருந்தால் களைப்பு நீங்கி வேலைக்குப் போனேன் என்று கூறி, அது ஒரே நாளில் நிறுத்தப்பட்டபோது தவித்த நோயாளரும் உண்டு. அவர்களது அனுபவமும் பொய்யல்ல. எந்த நோயாளிக்கு அது நன்மை செய்தது, எவருக்குத் தீங்கு செய்தது என்று பிரித்தறியும் முன்பே மருந்து பரவியதுதான் கோளாறு.

எமது முடிவு இந்த மரணங்களை முன்னறிந்து எடுக்கப்பட்டதல்ல. அது எந்த எண் முதன்மையாக அளக்கப்பட்டது, எந்த எண் அளக்கப்பட்டும் மாறவில்லை என்ற வாசிப்பில் மட்டும் நின்றது.

ஐதரொக்சியூரியாவுக்கும் அதே உரைகல்

பழைய மருந்து என்பதற்காக ஐதரொக்சியூரியாவைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வதும் முறையன்று. 1995இல் வெளியான அதன் பெரிய ஆய்வில் 299 வயதுவந்தோர் பங்கேற்றனர். முதன்மை அளவீடே நோவுத் தாக்குதல்தான். மருந்து பெற்றவர்களில் நடுப்பெறுமானம் ஆண்டுக்கு 2.5, வெற்று மருந்து பெற்றவர்களில் 4.5. நன்மை தெளிவானதால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. பின்னர் அங்கோலா, கொங்கோ, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளின் 600க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோவோடு மலேரியாவும் மரணமும் கூடக் குறைந்தன. ஒரே நிலப்பரப்பில், ஒரே நோயில், இரண்டு மருந்துகள் இவ்வளவு வேறுபட்ட முடிவைத் தந்தது ஆழ்ந்து கவனிக்கத் தக்கது.

ஆயினும் 1995ஆம் ஆண்டின் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் இரு பெற்றோரிடமிருந்தும் அரிவாள் பரம்பரையலகைப் பெற்றவர்கள். எமது நோயாளி போன்ற அரிவாள் பீற்றாத் தலசீமியா நோயாளருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே கிரேக்கத்தின் அனுபவம் உதவுகிறது. ஏதென்சில் 330 நோயாளரை 17 ஆண்டுகள் தொடர்ந்து, 2010இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலானோர் இந்த இரட்டைப் பரம்பரை உடையவர்களே. ஐதரொக்சியூரியா பெற்றவர்களில் பத்தாண்டு உயிர்வாழ்வு 86 வீதம். பெறாதவர்களில் 65 வீதம். இது எழுமாற்று ஆய்வன்று. நோய் கடுமையானவர்களுக்கே மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்களே கூடுதலாக உயிர் வாழ்ந்தார்கள் என்பதால் அம்முடிவின் வலு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

மற்றைய புதிய சிகிச்சைகள்

மாமா அடுத்துக் கேட்ட இரண்டையும் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். கிறிசன்லிசுமாப் என்ற ஊசி, செங்குழியங்கள் குழாய்ச்சுவரில் ஒட்டுவதைத் தடுப்பது. 198 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் நோவுத் தாக்குதல்கள் வெற்று மருந்து பெற்றவர்களில் ஆண்டுக்கு 2.98ஆகவும், இதைக் கூடிய அளவில் பெற்றவர்களில் 1.63ஆகவும் இருந்தன. பின்வந்த பெரிய ஆய்வில் வெற்று மருந்தைவிட அது மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஐரோப்பா 2023இல் அதன் அனுமதியை நீக்கியது. நல்ல அளவீட்டைத் தேர்ந்த ஆய்வுகூட ஒரு தடவையோடு போதாது என்பதற்கு இது சான்று.

பரம்பரையலகைத் திருத்தும் காஸ்கெவி வேறு தளத்தைச் சேர்ந்தது. 2023 நவம்பரில் பிரித்தானியாவும் டிசெம்பரில் அமெரிக்காவும் அதை அனுமதித்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 30 பேரில் 29 பேர் குறைந்தது தொடர்ந்து 12 மாதங்கள் கடும் நோவின்றி இருந்தார்கள். இது பெரும் சாதனை, ஐயமில்லை. ஆனால் நோயாளியின் என்பு மச்சையை முதலில் கடும் மருந்தால் அழிக்க வேண்டும். அம்மருந்து கருவளத்தைப் பாதிக்கக்கூடியது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். இலவசச் சுகாதார சேவையில் ஐதரொக்சியூரியாவுக்கே சில மாதங்களில் தட்டுப்பாடு வரும் நாட்டில், இதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசினோம், திட்டமிடவில்லை.

இங்கே ஆய்வு நடத்த முடியுமா என்று மாணவர்கள் சிலர் கேட்டார்கள். நோயாளர் மிகச் சிலராக இருக்கும் ஓரிடத்தில் தனித்து நடத்தும் மருந்தாய்வு எதையும் நிறுவாது. நாடளாவிய பதிவேடும் பல வைத்தியசாலைகளின் கூட்டும் வேண்டும். றாகமையில் தலசீமியா நோயாளரிடம் ஐதரொக்சியூரியாவை வெற்று மருந்தோடு ஒப்பிட்ட எழுமாற்று ஆய்வு நடந்திருப்பதால், நாட்டில் அதற்கான ஆற்றல் இல்லை என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து நோயாளர் அப்படியொன்றில் சேர்வார்களானால், வெற்று மருந்து தமக்குக் கிடைக்கக்கூடும், எந்த வேளையிலும் விலகலாம் என்பனவற்றை விளக்கும் சம்மதப் படிவம் அவர்கள் வீட்டில் பேசும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1847இல் வந்து மானிப்பாயில் குடியிருந்து, உடற்கூற்றியலையும் மருத்துவத்தையும் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் ஊரில் இதைப் பெரிய கோரிக்கையாக எவரும் கருத மாட்டார்கள்.

இப்போதைய நிலை

மருந்தை ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் அவர் ஒரு தடவையே அனுமதிக்கப்பட்டார். ஈமோகுளோபின் 8.9, முதிர்கரு ஈமோகுளோபின் 27 வீதம், வெண்குழியங்கள் பாதுகாப்பான எல்லைக்குள் உள்ளன. மாரியில் சுடுதண்ணீரில் தோய்கிறார். பரீட்சை மண்டபத்துக்குத் தண்ணீர்ப் போத்தலோடு போக அனுமதி பெற்றிருக்கிறார். போலிக் அமிலமும் நியூமோகொக்கசுத் தடுப்பூசியும் தரப்பட்டுள்ளன.

வீட்டில் கலியாணப் பேச்சுத் தொடங்கியிருக்கிறது. ஐதரொக்சியூரியாவைக் கருத்தரிப்புக்கு மூன்று மாதம் முன்னரே நிறுத்துமாறு அறிவுறுத்துகிறோம். கர்ப்பிணிகள் அதன் பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்படாததால் அக்காலத்துக்கான பாதுகாப்பு எழுமாற்று ஆய்வு எதிலும் நிறுவப்படவில்லை. ஆகவே கர்ப்ப காலம் முழுவதற்கும் குருதியேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட தனித் திட்டம் மகப்பேற்று வைத்தியரோடு சேர்ந்து வரையப்படுகிறது. பேச்சு வரும் இடத்தில் விஷயத்தைச் சொல்வதா என்று தாயார் கேட்டார். சொல்ல வேண்டும் என்றோம்; பொருத்தம் பார்க்கும் முன்பே மாப்பிள்ளைக்கு ஈமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கான கடிதத்தை நாங்களே எழுதித் தருவோம் என்றும் சொல்லியிருக்கிறோம். மகள் அந்தக் கடிதத்தை அப்போதே வாங்கிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.